உளவியலும் சமூகவியலும்: திருப்பதி, சித்தூர் களத்தில் ஒரு கூட்டுப் படிப்பு

உளவியலும் சமூகவியலும் மனித நடத்தையை ஆராயும் இரண்டு பல்கலைக்கழகப் பாடங்கள். உளவியல் தனிமனிதரை எடுத்துக்கொள்கிறது: அவருடைய கவனம், நினைவு, உணர்ச்சி, ஊக்கம், ஆளுமை. சமூகவியல் மனிதர்கள் கூடி உண்டாக்கிய அமைப்புகளை எடுத்துக்கொள்கிறது: குடும்பம், சாதி, வர்க்கம், சமயம், அரசு. அறிமுகப் பாடநூல்கள் முதல் அத்தியாயத்தில் இந்தப் பிரிவினையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். களத்தில் அது அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. எந்தச் சாதி வழக்கமும் யாரோ ஒருவரின் கூச்சத்தின் வழியாகவும் அச்சத்தின் வழியாகவும்தான் அன்றாடம் நடந்தேறுகிறது. யாருடைய அச்சமும் அவர் பிறந்த தெருவைத் தொடாமல் உருவாவதில்லை.

இரு துறைகளும் சந்திக்கும் இடத்துக்குச் சமூக உளவியல் என்று பெயர். அதன் பிறப்பே இரட்டைப் பிறப்பு. 1908ஆம் ஆண்டில் அந்தப் பெயரைத் தலைப்பில் தாங்கி இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் வில்லியம் மெக்டூகல் என்ற உளவியலாளர். மனிதரின் இயல்பூக்கங்களே சமூக வாழ்வின் வேர் என்பது அவர் நிலை. மற்றதை எழுதியவர் எட்வர்ட் ராஸ் என்ற சமூகவியலாளர். பாவனை, நாகரிக மோகம், கும்பல், வழக்கம் ஆகியவை மனிதர் மனத்தை எப்படி ஆள்கின்றன என்பது அவருடைய கவலை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர், ஒரே பாடத்தைத்தான் படிக்கிறோமா என்று ஐயுறக்கூடும். அந்த ஐயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இந்தியாவில் இவை தனித்தனி வாசல்கள் வழியாக நுழைந்தன. கல்கத்தா பல்கலைக்கழகம் 1916இல் சோதனை உளவியல் துறையைத் தொடங்கியது. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் கெடஸ் தலைமையில் சமூகவியல் துறை உருவானது. மைசூரில் 1924இல் உளவியல் துறை வந்தது. ஆந்திர மாநிலம் உருவான மறு ஆண்டு, 1954இல், திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இன்று அங்கே இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. 1983இல் அதே ஊரில் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் வந்தன. இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அவை சேர்ந்து படிக்கப்படுகின்றன என்று பொருளாகாது.

சேர்த்து நடத்தும் முயற்சிகளில் பெரியது அமெரிக்காவில் நடந்தது. 1946இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சமூகவியல், சமூக உளவியல், மருத்துவ உளவியல், சமூக மானிடவியல் ஆகியவற்றை ‘சமூக உறவுகள் துறை’ என்ற ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. டால்காட் பார்சன்ஸ், கார்டன் ஆல்போர்ட், ஹென்றி முர்ரே, கிளைட் குளுக்கோன் என்று முன்னணியாளர்கள் ஒன்றுகூடினர். 1970களின் தொடக்கத்தில் அது கலைந்தது. கூட்டை அறிவித்தவர்கள் எல்லாவற்றையும் அடக்கும் ஒரு பொதுக் கோட்பாட்டைத் தேடினார்கள். மாணவர்களோ பழையபடி அவரவர் துறையின் முறைகளில்தான் பயிற்சி பெற்றார்கள். பொதுக் கோட்பாட்டிலிருந்து தொடங்கும் கூட்டுப் படிப்பு நீடிப்பது கடினம் என்பதற்கு இதைவிடச் செலவு பிடித்த சான்று கிடையாது.

அந்தத் துறையோடு தொடர்புடைய டேவிட் மெக்லெலண்டின் ஓர் ஆய்வு ஆந்திரக் கடற்கரையில் நடந்தது. சாதனை வேட்கை மிகுந்த சமூகங்களே பொருளாதாரத்தில் முன்னேறுகின்றன என்பது 1961இல் அவர் வெளியிட்ட கருத்து. அந்த வேட்கையைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று பார்க்க, காக்கிநாடாவின் சிறுதொழில் முதலாளிகளுக்கு ஹைதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் 1960களின் நடுவில் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. டேவிட் வின்டருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1969இல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள். இதோடு நிறுத்திக்கொண்டால் உளவியலின் வெற்றிதான். ஆனால் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது, தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் தம் கையில் இருந்தவர்களிடம். அப்பாவோ அண்ணனோ கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடையில் இளையவரின் வேட்கை என்ன ஆகிறது என்பது கூட்டுக்குடும்பத்தைப் பற்றிய கேள்வி. அதை மனச்சோதனை அளக்காது. இரு துறைகளையும் சேர்த்துப் படிப்பதன் பயன் இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகிறது. ஒரே நிகழ்வை இரண்டு பக்கமும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால், ஒரு துறையின் பதில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது தெரிகிறது.

அப்படிக் கேட்பதற்குத் திருமலையின் முடிக்காணிக்கையைவிடப் பொருத்தமான நிகழ்வு அரிது. முடி இறக்கும் கூடமான கல்யாணகட்டாவில் பக்தருக்கு இலவசமாக ஒரு டோக்கனும் அரை பிளேடும் தரப்படுகின்றன. டோக்கனில் உள்ள எண்ணுக்குரிய நாவிதர் முன் அவர் குனிந்து உட்காருகிறார். தலையில் தண்ணீர் தெளிக்கப்படுகிறது. சில நிமிடங்களில் முடி தரையில் கிடக்கிறது. பிறகு குளியல், மொட்டைத் தலையில் சந்தனம், அடுத்து தரிசன வரிசை. முழு மொட்டை போடாத பெண்கள் பூமுடி கொடுக்கிறார்கள். வருபவர்களில் காதுகுத்துக்கு முன் முதல் முடி இறக்கப்படும் கைக்குழந்தையும் உண்டு, நோய் நீங்கியதற்காக வேண்டுதலை நிறைவேற்ற வந்தவரும் உண்டு. வீட்டில் எல்லோரும் போடுவதால் தானும் போட்டுக்கொள்ளும் கல்லூரி மாணவரும் அதே வரிசையில் இருப்பார்.

தலைமுடியைப் பற்றி இரு துறைகளும் நேருக்கு நேர் மோதிய ஒரு விவாதம் உண்டு. லண்டன் உளப்பகுப்பாய்வாளர் சார்லஸ் பெர்க் 1951இல் எழுதிய நூலில், முடி அடிமனத்தில் பாலுணர்வின் குறியீடு என்றும் அதை மழிப்பது அந்த உணர்வைக் கட்டுப்படுத்துவது என்றும் வாதிட்டார். 1958இல் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் ‘மந்திர முடி’ என்ற கட்டுரையில் இதற்கு மறுப்புச் சொன்னார். லீச்சின் மறுப்பு நுட்பமானது. சடங்குகளில் முடிக்கும் பாலுணர்வுக்கும் தொடர்பு தென்படுவதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மொட்டையடித்த துறவி, தன் மனத்துக்குள் என்ன நடந்தாலும், பார்ப்பவர்களுக்குத் துறவி என்ற செய்தியைச் சொல்லிவிடுகிறார். அது ஊர் அறிந்த மொழி. அதை விளக்க ஒருவரின் அடிமனத்தைத் தோண்ட வேண்டியதில்லை என்றார். பொதுக் குறியீட்டைச் சமூகவியல் படிக்கட்டும், அந்தரங்கக் குறியீட்டை உளவியல் படிக்கட்டும் என்பது இதன் உட்கிடை.

இந்தப் பங்கீட்டை ஏற்காதவர் இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர. கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த பெண் துறவிகளோடு நெடுங்காலம் பேசிப் பழகி 1981இல் அவர் எழுதிய நூல் ‘மெடூசாவின் கூந்தல்’. அந்தப் பெண்களின் சடை தானாக விழுந்த வழக்கமல்ல. ஒவ்வொருவரின் வாழ்விலும் ஒரு முறிவு, இறந்துபோன உறவினரைப் பற்றிய குற்றவுணர்வு, கணவனோடு நின்றுபோன உறவு என்று ஏதோ ஒன்று முந்தி வருகிறது. பிறகு சடை வருகிறது. அதே சமயம் சடையைத் தெய்வத்தின் கொடை என்று ஏற்கும் சமய மரபு அங்கே முன்பே இருந்திராவிட்டால் அந்தத் துன்பம் வெறும் நோயாகவே முடிந்திருக்கும். இப்படி இரு பக்கமும் வேர் கொண்டதை ஒபயசேகர ‘தனியாள் குறியீடு’ என்றார். பௌத்தத் துறவியின் மொட்டையைப் பொறுத்தவரை லீச் சொன்னது பெரிதும் சரி என்றும் அவர் விட்டுக்கொடுத்தார். இருவரில் ஒபயசேகரவின் நிலையே வலுவானது. எந்த முடி எந்த வகை என்பதைக் கோட்பாட்டால் முன்கூட்டியே தீர்க்காமல் களத்தில் கேட்டு அறிய வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

திருமலையில் இந்த இரு வகைகளும் ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. குழந்தையின் முதல் மொட்டையில் குழந்தையின் மனத்துக்கு வேலையே இல்லை. அங்கே பேசுவது குடும்பமும் தாய்மாமன் மடியும். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு மருத்துவமனை வராந்தாவில் நேர்ந்துகொண்டு பிழைத்து வந்தவரின் மொட்டையில் அந்த இரவின் அச்சம் இருக்கிறது. ஆனால் அச்சம் வந்தபோது முடியைத்தான் நேர வேண்டும், ஏழுமலையானுக்குத்தான் நேர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது மரபின் வழியே. மாணவர் ஒருவர் இந்த இருவரிடமும் பேசி எழுதும் குறிப்பு, லீச்சையும் ஒபயசேகரவையும் பற்றிய பத்துப் பக்கச் சுருக்கத்தைவிட மேலான பயிற்சி.

முடி அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தால் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது; ஆண்டு வருவாய் நூறு கோடி ரூபாயைத் தாண்டுவதாகத் தேவஸ்தானத்தின் அண்மைய வரவு செலவுத் திட்டங்கள் மதிப்பிடுகின்றன. 2004இல் இந்த வணிகம் எதிர்பாராத ஓர் இடத்தில் தடுக்கியது. பழமை பேணும் யூதப் பெண்கள் மணமான பின் தம் முடியை மறைக்கப் பொய்முடி அணிவார்கள். பிற தெய்வத்துக்குப் படைக்கப்பட்ட பொருளை யூதர் பயன்படுத்தலாகாது என்பதால், இந்திய முடியால் ஆன பொய்முடி விலக்கப்பட்டது என்று ஜெருசலேமின் மதகுரு யோசெஃப் ஷலோம் எல்யாஷிவ் அவ்வாண்டு மே மாதம் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் பொய்முடிகள் தெருவில் கொளுத்தப்பட்டன. தீர்ப்புக்கு முன் லண்டனிலிருந்து ஒரு மதகுரு திருமலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். முடியை வெட்டுவதே வழிபாடா, அல்லது தரிசனத்துக்கு முந்தைய தூய்மைச் சடங்கு மட்டுமா என்பதை அவர் கண்டறிய வேண்டியிருந்தது. வேறு சொற்களில், வெட்டிக்கொள்பவரின் நோக்கம் என்ன என்று கேட்கச் சென்றார். பக்தரின் வாய்மொழி, நாவிதரின் வாய்மொழி, ஆகம மரபு ஆகிய மூன்றில் எது நோக்கத்துக்குச் சான்று என்பது இரு துறைகளின் ஆய்வுமுறை வகுப்பிலும் நடத்தப்பட வேண்டிய கேள்வி. நடத்தப்படுவதாகத் தெரியவில்லை.

முடி இறக்கியவர் அடுத்து நிற்பது வரிசையில். காத்திருப்பின் உளவியலை 1985இல் டேவிட் மைஸ்டர் ஒரு கட்டுரையில் தொகுத்தார்: வேலையில்லாமல் காத்திருக்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும், நியாயமற்றதாகத் தோன்றினால் அதைவிட நீளும், கூட்டாகக் காத்திருந்தால் சுருங்கும். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1975இல், பேரி ஷ்வார்ட்ஸ் என்ற சமூகவியலாளர் வேறொன்றைச் சொல்லியிருந்தார்: யார் யாரைக் காக்க வைக்கலாம் என்பது அதிகாரத்தின் அளவுகோல். திருமலையில் பக்தர்கள் காத்திருக்கும் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸின் கம்பார்ட்மெண்டில் இவ்விரண்டையும் ஒருங்கே சோதிக்கலாம். இலவசமான சர்வ தரிசனத்துக்கு ஒரு வழி, 300 ரூபாய் சிறப்பு நுழைவுக்கு ஒரு வழி, ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை அளித்தவருக்கு ஒரு வழி, முக்கியஸ்தர் பிரேக் தரிசனத்துக்கு ஒரு வழி. மைஸ்டரின் விதிப்படி, மற்றவர் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர் கொதித்துப்போக வேண்டும். சிலர் கொதிக்கத்தான் செய்கிறார்கள். பலர் கோவிந்தா போட்டுக்கொண்டு, காத்திருப்பதையும் வேண்டுதலின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். பேருந்து இருந்தும் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகளை நடந்து ஏறுபவருக்குக் கஷ்டமே காணிக்கை.

பட்ட கஷ்டம் பொருளின் மதிப்பை ஏற்றுகிறது என்பது உளவியலில் நன்கு தெரிந்த முடிவு. எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் சோதனையால் காட்டியது. அதன் பின்னணியில் நிற்பது லியான் ஃபெஸ்டிங்கரின் அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடு. 1957இல் வெளிவந்த அந்தக் கோட்பாட்டின் கரு இந்தியாவிலிருந்து போனது என்பதைப் பல வகுப்பறைகள் சொல்வதில்லை. 1934 ஜனவரி 15 அன்று நடந்த பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளைப் பாட்னாவின் ஜமுனா பிரசாத் தொகுத்து 1935இல் வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய கேடு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. தப்பித்தவர்கள் ஏன் தம்மைத் தாமே மேலும் அச்சுறுத்திக்கொள்ள வேண்டும்? காரணமில்லாமல் மிஞ்சிய அச்சத்துக்கு அந்த வதந்திகள் காரணம் கொடுத்தன என்பது ஃபெஸ்டிங்கரின் விடை. துர்காநந்த் சின்ஹா டார்ஜிலிங் நிலச்சரிவைப் பற்றிச் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: கண்ணெதிரே சேதம் இருந்த இடத்தில் அத்தகைய வதந்திகள் எழவில்லை. வதந்தி யார் வழியாக, எந்த உறவு, எந்தச் சந்தை வழியாக நகர்ந்தது என்பதை ஃபெஸ்டிங்கர் கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. பாட்னாவின் ஆட்சியருக்குத் தேவைப்பட்டிருக்கும்.

கூட்டத்தைப் பற்றிய ஆய்வுக்கும் இதே கதைதான். 1895இல் குஸ்தாவ் லெ போன், கூட்டத்தில் சேர்ந்த மனிதர் அறிவிழந்து விலங்குநிலைக்கு இறங்குகிறார் என்று எழுதினார். போலீஸ் அறிக்கைகளும் தலைப்புச் செய்திகளும் இன்றும் அவரைத்தான் பின்பற்றுகின்றன. 1912இல் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் அதே கிளர்ச்சியில் சமூகம் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைக் கண்டார். ஸ்டீபன் ரைக்கர், நிக் ஹாப்கின்ஸ் ஆகியோரும் இந்திய உளவியலாளர்களும் அலகாபாத் மாக மேளாவில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கடுங்குளிரிலும் இரைச்சலிலும் ஒரு மாதம் தங்கிய யாத்திரிகர்களின் நலவுணர்வு, ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிடும்போது உயர்ந்திருந்தது. தெளிவற்ற ஓர் இரைச்சல் ஒலிப்பதிவை மேளாவினுடையது என்று சொல்லிக் கேட்க வைத்தபோது யாத்திரிகர்களுக்கு அது இனிமையாகப் பட்டது. நகரத்தினுடையது என்றால் தொந்தரவாகப் பட்டது. காதுக்குள் நடக்கும் செயலையே ‘நாம்’ என்ற உணர்வு மாற்றுகிறது.

2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் கூடியவர்களில் 6 பேர் நெரிசலில் இறந்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்குப் ‘பக்தர்களின் பதற்றம்’ காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் கணிப்பில், ஒரு சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் திரவம்போல் நகரத் தொடங்குகிறது; தனியாள் தன் காலை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்க முடியாது. அந்த நிலையில் பதற்றம் விளைவு. காரணம் இடமும் வழியும் நேரமும் ஒழுங்கு செய்யப்பட்ட விதம். மனத்தைக் குற்றம் சாட்டும் விளக்கம் நிர்வாகத்துக்கு வசதியானது என்பதைச் சமூகவியல் மாணவர் உடனே கண்டுகொள்வார். எந்த அறிவிப்பு எந்தச் சொற்களில் வந்தால் மக்கள் நம்பி நிற்பார்கள் என்பதைச் சொல்ல உளவியல் படித்தவர் வேண்டும்.

மே மாதத்தில் நடக்கும் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையையும் இங்கே சுருக்கமாகக் குறிக்கலாம். ஆண்கள் சேலை உடுத்தி வேஷம் போடுவதும், அம்மனின் வேஷங்களைக் கைக்கால குடும்பத்தார் தாங்குவதும் அதன் சிறப்பு. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூல் இதைப் பற்றியது. யார் எந்த வேஷம் போடலாம் என்பதில் சாதியின் முறைமை உண்டு. சேலை கட்டிய ஆணின் மனத்தில் என்ன நேர்கிறது என்பது உளவியலுக்குரிய தனிக் கேள்வி.

சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூர், இரு துறைகளும் ஒன்றையொன்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் ஆய்வுக்கு இடமானது. தற்கொலை சமூகவியலின் முதல் பெரும் ஆய்வுப் பொருள். துர்க்கைமின் நூல் 1897இல் வந்தது. விகிதம் சமூகத்தின் பண்பு, அதைத் தனிமனிதரின் மனநிலையால் விளக்க முடியாது என்பது அவர் வாதம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில், இறந்தவரின் குடும்பத்தாரிடமும் ஊராரிடமும் விசாரித்து இறப்பின் காரணத்தை நிர்ணயிக்கும் முறையைக் கையாண்டார்கள். 1994 முதல் 1999 வரையான கணக்கில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95.2. அக்காலத்தில் காவல்துறைப் பதிவுகளின்படி தேசிய விகிதம் 11 அளவில் இருந்தது. 10 முதல் 19 வயதுள்ளவர்களைப் பற்றி 2004இல் வந்த கட்டுரை, பெண்களில் லட்சத்துக்கு 148, ஆண்களில் 58 என்று கண்டது. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்களின் விகிதமே அதிகம், இங்கே இளம்பெண்கள்.

அதே கல்லூரியினர் 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தற்கொலையால் இறந்த 100 பேரையும் உயிரோடிருக்கும் 100 பேரையும் ஒப்பிட்டது. இறந்தவர்களில் 37 பேருக்கே மனநோய் என்று வரையறுக்கத்தக்க நிலை இருந்தது. மேலை நாட்டு ஆய்வுகள் இதை 90 விழுக்காடு அளவில் சொல்கின்றன. தொடர்ந்த நெருக்கடி, நாட்பட்ட வலி, தனித்து வாழ்தல், அண்மையில் முறிந்த உறவு ஆகியவை ஆபத்தைக் கூட்டின. மனநோய்ச் சிகிச்சையை விரிவாக்கினால் மட்டும் போதும் என்ற முடிவு இந்த எண்களுக்கு முன் நிற்காது. சமூகம் மாறினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. அதே நெருக்கடியில் வாழும் பக்கத்து வீட்டுப் பெண் ஏன் உயிரோடு இருக்கிறார் என்பதைத் துர்க்கைமின் விகிதம் சொல்லாது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணில் (14416) பேசும் ஆலோசகருக்கு இரு வகை அறிவும் ஒரே அழைப்பில் தேவைப்படுகிறது: எதிர்முனையில் இருப்பவரின் குரலைக் கேட்கவும், மாமியார் வீடு, கடன், நிலத் தகராறு என்று அவர் சொல்வதன் எடையை அறியவும்.

மொழி மற்றொரு களம். 1911இல் உருவான பழைய சித்தூர் மாவட்டப் பகுதியில் தமிழ் பேசும் மக்கள் நகரி, குப்பம், சத்தியவேடு வட்டாரங்களில் நிறைந்திருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இப்பாலும் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்ற வாழ்க்கை தொடர்ந்தது. இருமொழிக் குழந்தைகள் அறிவுச் சோதனைகளில் பின்தங்குகிறார்கள் என்று பழைய உளவியல் ஆய்வுகள் பல முடிவு கட்டின. அவை ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை வசதியுள்ள ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தன. வர்க்க வேறுபாட்டை நீக்கிவிட்டு எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் 1962இல் மாண்ட்ரியலில் ஒப்பிட்டபோது முடிவு தலைகீழானது. ஒடிசாவின் கொந்த் பழங்குடியினரிடம் அஜித் மொஹந்தி, ஒரே சமூகத்துக்குள் குயி மொழியும் ஒடியாவும் அறிந்தவர்களை ஒடியா மட்டும் அறிந்தவர்களோடு ஒப்பிட்டு, இருமொழியாளர் மொழியைப் பற்றிய விழிப்பில் மேலாக இருப்பதைக் காட்டினார். சமூகவியல் இல்லாத உளவியல் எவ்வளவு நம்பிக்கையோடு தவறு செய்யும் என்பதற்கு இந்த வரலாறு போதும். எல்லையோரத் தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ நுண்ணறிவுச் சோதனை வைப்பவர் அந்தத் தவற்றின் வாசலில் நிற்கிறார். எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்துமாறு சி. எம். பாட்டியா 1955இல் வடிவமைத்த செயல்வழிச் சோதனைத் தொகுதி இந்தச் சிக்கலுக்கு இந்தியாவில் எழுந்த தொடக்க கால விடைகளில் ஒன்று.

இனிப் பாடத்திட்டம். ஆந்திரக் கல்லூரிகளில் பி.ஏ. என்பது நெடுங்காலம் சம எடையுள்ள மூன்று பாடங்களின் தொகுதியாக இருந்தது. இரு துறைகளையும் ஒரே பட்டத்தில் படிக்க அந்த அமைப்பில் இடமிருந்தது. 2023–24 முதல் ஒரு முதன்மைப் பாடமும் ஒரு துணைப்பாடமும் என்ற முறை வந்தது. அந்த முறையில் ஒன்று மேலே, மற்றது கீழே. முதன்மையாக எதைக் கொள்வது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியின் வசதியே தீர்மானிக்கும்: உளவியலுக்குச் செய்முறைக்கூடம் வேண்டும், சமூகவியலுக்கு வகுப்பறை போதும். ஒரே சமயத்தில் இரு பட்டங்கள் படிக்க 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது ஒரு மாற்று வழியாகத் தோன்றலாம். ஆனால் 2025ஆம் கல்வியாண்டு முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று அதே குழு விலக்கியது. பல பாடங்கள் கொண்ட தொலைநிலை பி.ஏ.யில் சமூகவியல் தொடரலாம், உளவியல் நீங்க வேண்டும். உடல்நலத் துறையோடு சேர்ந்த தொழிற்கல்வியாக உளவியலைப் பார்க்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு இது. சிகிச்சை அளிக்கும் உளவியலாளருக்கு நேரடிப் பயிற்சி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அங்கன்வாடியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பியவர்கள் மனித மனத்தைப் பற்றிய பாடத்தை இழந்தது அதன் விலை.

பட்டப்படிப்பில் பாடச் சேர்க்கை எப்படியிருந்தாலும் மூன்று இடங்களில் இணைப்பு கட்டாயம். முதலாவது புள்ளியியல்: இரு துறைகளும் தனித்தனியே அரைகுறையாக நடத்தும் அதே பாடத்தை ஒரே தாளாக நடத்தலாம். இரண்டாவது நேர்காணல். உளவியல் மாணவருக்குத் தயாரான வினாநிரலும் மதிப்பெண்ணும் பழக்கம். சமூகவியல் மாணவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பழக்கம். கல்யாணகட்டாவுக்கு வெளியே இருவரையும் ஒரே பக்தரிடம் பேச விட்டு, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் ஒரு பருவத்துக்கான பாடம் கிடைக்கும். பதில்கள் முரண்பட்டால் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல ஆசிரியர் அவசரப்படக்கூடாது.

மூன்றாவது ஆய்வு நெறி. உளவியல் தன்னிடம் பேசியவரின் பெயரை மறைக்கிறது; சமூகவியல் ஊரின் பெயரை மறைக்கிறது. எம். என். சீனிவாஸின் ராம்புராவும் ஆந்த்ரே பெத்தேயின் ஸ்ரீபுரமும் புனைபெயர்கள்தாம். சித்தூர் மாவட்டத்தின் முந்நூறு வீட்டு ஊரில் இவற்றில் எந்த ஒன்றும் தனியே போதாது: ‘இரண்டு மகள்கள் உள்ள, கணவனை இழந்த அஞ்சல் ஊழியர்’ என்ற வரியைப் படித்தவுடன் ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கென ஒரு பகுதி உண்டு. இரு துறை மாணவர்களும் களத்துக்குப் போகுமுன் அதை ஒரே வகுப்பில் படிக்கலாம். வேண்டுதல் நிறைவேற்ற வந்தவரிடம் அவர் தரிசனம் முடித்து இறங்கிய பிறகே கேள்வி கேட்பது, அவர் சொல்ல மறுத்த நேர்த்தியைத் துருவாமல் விடுவது, ஒப்புதலை அவருக்குத் தெரிந்த மொழியில் பெறுவது ஆகியவை அந்த வகுப்பின் முதல் பயிற்சிகளாக அமையும்.